பொருள்: 'ரியர்கார்ட்' தமிழில்? (ஜெனரல் ஸ்லிம் கட்டுரைக்காக)

குழுவினருக்கு வணக்கம்.
பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிம் பற்றிய பாடக் கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில் பர்மா கோருக்கு (கோர்: டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) தலைமையேற்று, மே மாதம் இம்பால் வரை ஜப்பானியரோடு சண்டையிட்டுக்கொண்டே படையைப் பின்னுக்குக் கொண்டுவந்த பகுதியில் 'ரியர்கார்ட்' (பின்வாங்கும் படையின் கடைசியில் நின்று எதிரியைத் தடுக்கும் அணி) திரும்பத் திரும்ப வருகிறது. 'பின்னணிப் படை' என்றால் மாணவர்களுக்குப் பின்னணிப் பாடகர்தான் நினைவுக்கு வருவார். வேறு சொல் வேண்டும்.
– ம.

> வேறு சொல் வேண்டும்
தொல்காப்பியர் நேருக்கு நேர் போரைப் பாடும் தும்பைத் திணையிலேயே தந்திருக்கிறார்: 'உடைபடை புக்குக் கூழை தாங்கிய'. கூழை என்பது படையின் பின்பகுதி. மயில் தோகைக்கும் மகளிர் கூந்தலுக்கும் அதே பெயர். பின்னால் தொங்குவது என்பதே வேர்ப்பொருள். ஆகவே கூழைப்படை. முன்னே போவது தூசிப்படை.
– இரா.

ஐயா, யாப்பில் கூழை மோனை முதல் மூன்று சீரில் வந்து கடைச்சீரில் நின்றுபோவது. அங்கே கூழை வால் அல்ல, வால் இல்லாமை. கூழைப்பாம்பும் அப்படியே. எந்த வேர் மூத்தது?
– செ.

வேர் இருக்கட்டும். இன்று படிப்பவருக்குக் கூழைக்கும்பிடுதான் தெரியும். பர்மாவின் சௌக்சே ஊரில் 48-ஆம் பிரிகேடின் கூர்க்காக்கள் செய்த வேலைக்கு அந்தச் சாயல் விழக்கூடாது. ஏப்ரல் 29 மாலை வரை அவர்கள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியதால்தான் மற்றவர்கள் ஆவா பாலத்தில் ஐராவதி ஆற்றைக் கடந்தார்கள். 30-ஆம் தேதி இரவு பாலம் தகர்க்கப்பட்டது. இந்தப் படை முந்திக் கிளம்பினால் பாலத்தில் நெரிசலாக நிற்பவர்கள் சிக்குவார்கள். பாலம் முந்தித் தகர்ந்தால் இவர்களே அக்கரையில் மாட்டுவார்கள். ஸ்லிம் வருவதற்கு முன், பிப்ரவரி 23 அன்று சித்தாங் ஆற்றுப் பாலம் தகர்க்கப்பட்டபோது 17-ஆவது டிவிஷனின் பெரும்பகுதி அப்படித்தான் எதிர்க்கரையில் நின்றுபோனது. 'பின்காப்புப் படை' போதும், விளக்கமே வேண்டாம்.
– கு.

'காப்பு' ஓரிடத்தில் நிற்பது. இந்தப் படை நிற்கும், இருட்டியதும் தொடர்பை அறுக்கும், பின்னால் காத்திருக்கும் இன்னொரு அணியின் ஊடே விலகும், மறுபடி நிற்கும். தொல்காப்பியரின் 'தாங்கிய' என்ற வினையில் அந்தத் தடுத்தல் இருக்கிறது. பின்தாங்குபடை?
– செ.

'பிரிகேட்', 'டிவிஷன்' மட்டும் அப்படியே இருக்கலாமா? பத்தி, சேனாமுகம், குல்மம், கணம், வாகினி என்று மும்மும்மடங்காக ஏறும் பழைய படைப்பிரிவு வரிசை நம்மிடம் உண்டு. மூன்று பட்டாலியன் ஒரு பிரிகேட், மூன்று பிரிகேட் ஒரு டிவிஷன் என்பதும் அதே கணக்கு.
– வே.

அவை வடசொற்கள், ஐயா. தவிர வாகினி என்றால் 81 தேர், 81 யானை, 243 குதிரை, 405 காலாள். டிவிஷனில் பீரங்கியும் பொறியாளர் பிரிவும் உண்டு. மும்மடங்கில் அவை அடங்கா.
– இரா.

நாளை கோப்பை அனுப்ப வேண்டும். இருவர் 'பின்காப்புப் படை' என்கிறீர்கள், தனிமடலில் வந்த ஒன்றையும் சேர்த்து. அதையே இடுகிறேன். பிரிகேட், டிவிஷன், கோர் மாறவில்லை.
– ம.

இடுங்கள் அம்மா. ஆனால் சௌக்சே பத்தியில் ஒரே ஓர் இடத்திலாவது 'கூழை தாங்கினர்' என்று எழுதி, அடிக்குறிப்பில் தும்பைத் திணையைச் சுட்டுங்கள். பாடநூலில் ஒருமுறைகூட வராத சொல் எந்தத் தலைமுறைக்குப் புரியப்போகிறது?
– இரா.