ஃபவோனியுஸும் ஃப்யோனும் ஒரே காற்றா?

சொல்லேர்: ஜெர்மன் பேசுபவர்கள் முடி உலர்த்தும் கருவியை ஃப்யோன் என்கிறார்கள். ஆல்ப்ஸ் மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றின் பெயர் அது. அதற்கு மூலம் லத்தீன் ஃபவோனியுஸ் என்று அகராதிகள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரோமர்களுக்கு ஃபவோனியுஸ் மேற்கிலிருந்து வரும் இளங்காற்று, வசந்தத்தின் தூது. ஃப்யோனோ தெற்கிலிருந்து வெறிகொண்டு இறங்குவது. 1861 மே மாதம் சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் நகரில் தீ பரவிப் பெரும்பகுதி அழியக் காரணமே இந்தக் காற்றுதான். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

பனிமலை: திசையை விடுங்கள், அந்தக் காற்று என்ன செய்தது என்று பாருங்கள். ரோமக் கவிஞர் ஹொரேஸ் கவிதையில் கடுங்குளிர் கரைவது வசந்தமும் ஃபவோனியுஸும் வரும்போதுதான். ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் பனியைக் கரைப்பது ஃப்யோன். ‘பனிதின்னி’ என்றே ஜெர்மனில் அதற்குப் பட்டப்பெயர். லத்தீன் பேசிய மலைவாசிகள் தெரிந்த பெயரைத் தங்கள் ஊர்க் காற்றுக்கு வைத்திருக்கிறார்கள். அதுவுமல்லாமல், மலைக்குத் தென்புறம், இத்தாலியம் பேசும் சுவிஸ் மாநிலமான டிசினோவில் இதே வகைக் காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. அதையும் ஃபவோனியோ என்கிறார்கள்!

சொல்லேர்: ஃபவோனியோ என்பது படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்த சொல்லாக இருக்கலாமே? வாய்வழி வந்த சொல் தேய்ந்திருக்கும். இது தேயவே இல்லை.

பனிமலை: நல்ல கேள்வி. தேய்ந்த வடிவம் ரொமான்ஷில், அதாவது லத்தீனிலிருந்து பிறந்த ஒரு சுவிஸ் மலைமொழியில், இருக்கிறது: ஃபவுஞ். இறுதி ஒலி ‘ஞ’ ஆனது தற்செயல் அல்ல. திராட்சைத் தோட்டத்துக்கான லத்தீன் வினேயா இத்தாலியத்தில் வின்யா ஆனதும் இதே வழியில்தான். ரொமான்ஷ் பேசுபவர்களும் ஜெர்மன் பேசுபவர்களும் பக்கத்துப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் வாழ்பவர்கள். நடுவிலுள்ள ‘வ’ விழுந்தால் ஃப்யோனுக்கு வந்துவிடலாம். பழைய உயர் ஜெர்மனிலேயே இந்தச் சொல் இருந்தது, அதாவது சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே.

வானிலைப்பித்தன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த வெப்பம் சகாராவிலிருந்து வருகிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1866இல் ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியுஸ் ஹன் அதை மறுத்தார். ஈரக்காற்று மலையேறும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரிதான் குளிரும், நீராவி மழையாகும்போது வெப்பத்தை விடுவிப்பதால். மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி சூடேறும். ஆகவே எந்தத் திசைக் காற்றும் மலையைத் தாண்டினால் ஃப்யோன் ஆகலாம். திசை மாறியது என்ற வாதம் இங்கே நிற்காது.

சொல்லேர்: சரி, திசையையும் ஒலியையும் விட்டுவிடுகிறேன். பொருளை விடமாட்டேன். ஃபவோனியுஸின் வேரே தீராத வழக்கு. ‘ஆதரவு காட்டு’ என்ற ஃபவேரேயா, ‘கதகதப்பூட்டு’ என்ற ஃபோவேரேயா? முதலாவது என்றால் அந்தப் பெயரின் உயிர் கனிவுதான். ஊரை எரிக்கும் காற்றுக்கு அதை யார் வைப்பார்கள்?

பனிமலை: நான் இரண்டாவதன் பக்கம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெர்லின் நிறுவனம் உலர்த்தும் கருவிக்கு இந்தப் பெயரை வைத்தது. பிறகு ரஷ்யனிலும் செக்கிலும் ஃபென், இத்தாலியத்தில் ஃபோன். வசந்தம், மேற்கு, மலை எல்லாம் கழன்றுபோய், குளியலறைக் கருவி வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது சூடு மட்டும்தான்.

சொல்லேர்: அது இன்றைய பொருள். ரோமர்களின் பொருளுக்கு அது சாட்சி ஆகாது.