ஹேகார்டின் 1970 ஆல்பத்தில் வாசித்த பழைய பிளேபாய்கள் ஐந்து பேரா, ஆறு பேரா?

பிடில் பித்தன்:

சென்ற வாரம் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கைப் பற்றிய இழையில் நண்பர் பழந்தட்டு போகிற போக்கில் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார். டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவை நடத்திய பிடில் கலைஞர் பாப் வில்ஸுக்காகப் பாடகர் மெர்ல் ஹேகார்ட் 1970-இல் செய்த ஆல்பத்தை அஞ்சலி ஆல்பங்களின் கணக்கிலேயே சேர்க்கக் கூடாதாம். வில்ஸின் சொந்த வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசிக்கச் சொன்னது பழைய ஆட்களின் ஒன்றுகூடலாம், அஞ்சலி ஆகாதாம். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஹேகார்ட் அப்போது அமெரிக்கக் கன்ட்ரி இசையின் உச்சியில் இருந்தவர். எதைப் பாடினாலும் விற்கும் என்ற நிலையில், இளைஞர்கள் பாதி மறந்துவிட்டிருந்த ஒரு முதியவரின் பாடல்களை எடுத்துக்கொண்டு, அதற்கெனவே சில மாதங்கள் உட்கார்ந்து பிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். வில்ஸ் 1969-இல் பக்கவாதத்தால் விழுந்து, இனிப் பிடிலைத் தொட முடியாது என்றாகியிருந்த நேரம் அது. டெக்சஸ் பிளேபாய்ஸ் குழுவின் பழைய ஆட்கள் ஆறு பேரை ஹேகார்ட் தேடிப் பிடித்தார்: வில்ஸின் தம்பி ஜானி லீ வில்ஸ், எல்டன் ஷாம்ப்ளின், டைனி மூர், ஜோ ஹாலி, ஜானி கிம்பிள், அலெக்ஸ் பிரஷேர். தன் குழுவான ஸ்ட்ரேஞ்சர்ஸையும் அவர்களையும் ஒரே அறையில் அமர்த்திப் பதிவு செய்தார். வில்ஸ் வாசித்த, கன்ட்ரி பிடிலும் ஜாஸும் கலந்த வெஸ்டர்ன் ஸ்விங் என்ற நடன இசை மறுபடி மூச்சுவிடத் தொடங்கியதில் அந்த ஆல்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இது அஞ்சலி இல்லை என்றால் வேறு எது அஞ்சலி என்று பழந்தட்டு ஐயா சொல்லட்டும்.

பழந்தட்டு:

பித்தன் அவர்களே, என் பெயரை எடுத்துத் தனி இழையே திறந்ததற்கு நன்றி. நான் சொன்னதிலிருந்து ஓர் எழுத்தும் பின்வாங்கப் போவதில்லை. அஞ்சலி செய்கிறவன் வெளியே நின்று செய்ய வேண்டும். ஜெஃப் பெக் 1993-இல் பிக் டவுன் பிளேபாய்ஸ் என்ற ஆங்கிலேயக் குழுவோடு சேர்ந்து செய்த "கிரேஸி லெக்ஸ்" ஆல்பத்தைக் கேளுங்கள். ராக் அண்ட் ரோல் பாடகர் ஜீன் வின்சென்ட்டுக்கான அஞ்சலி அது. வின்சென்ட் 1971-இல் இறந்தார், அவருடைய கிட்டார்க்காரர் கிளிஃப் கேலப் 1988-இல் இறந்தார். உதவிக்கு அவர்கள் யாரும் இல்லாமல், 1956-ஆம் ஆண்டின் இசைத்தட்டுகளைக் காதால் மட்டும் கேட்டு, கேலப் வைத்திருந்த அதே வகை கிரெட்ச் கிட்டாரை எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் பெக் திரும்பப் பிடித்தார். அதுதான் உழைப்பு. வில்ஸின் தம்பியையே கூப்பிட்டு வாசிக்கச் சொல்வது உழைப்பு ஆகாது.

இன்னொன்று. நீங்கள் ஆறு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜானி லீ வில்ஸ் 1940-இலேயே அண்ணனின் குழுவை விட்டு விலகி டல்சாவில் சொந்தக் குழு நடத்தத் தொடங்கிவிட்டார். 1950-இல் "ராக் மாப்" பாடலைப் பிரபலமாக்கியது அவருடைய குழுதான். முப்பது ஆண்டுகளாகத் தனிக் குழுத் தலைவராக இருந்தவரைப் பிளேபாய் என்று எண்ணக் கூடாது. ஆகவே ஐந்து பேர். அடிப்படை எண்ணிக்கையையே சரியாகச் சொல்லாதவர் தீர்ப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.

மெம்பிஸ் 706:

வெஸ்டர்ன் ஸ்விங் ஆட்கள் தமக்குள் தலை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். தொடக்கக்கால ராக் அண்ட் ரோலுக்கு வந்த அஞ்சலிகளில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜான் லெனன் 1975-இல் வெளியிட்ட "ராக் அண்ட் ரோல்" ஆல்பத்துக்கு ஈடான ஒன்றைக் காட்டுங்கள், பார்ப்போம். 1961-இல் ஹாம்பர்க் நகரத்து வாசலொன்றில் சாய்ந்து நிற்கும் இளைஞனின் படம் அதன் உறையில் இருக்கிறது. உள்ளே சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், ஃபேட்ஸ் டாமினோ, பட்டி ஹாலி, ஜீன் வின்சென்ட் ஆகியோரின் பாடல்கள் இருக்கின்றன. டாமினோவின் "ஐன்ட் தட் எ ஷேம்" லெனன் வாழ்க்கையில் முதன்முதலாகக் கற்ற ராக் அண்ட் ரோல் பாடல். தாய் ஜூலியா பாஞ்சோவில் சொல்லிக்கொடுத்த அந்தப் பாடலை முப்பது வயதைக் கடந்தபின் திரும்பிப் பாடுகிற குரலில் என்ன இருக்கிறது என்று காது உள்ளவர்களுக்குத் தெரியும். ஆறோ ஐந்தோ, ஒரு பழைய பிளேபாயின் துணையும் அதற்குத் தேவைப்படவில்லை.

பிடில் பித்தன்:

பழந்தட்டு ஐயா, ஆறு பேர்தான். 1933-இல் வேக்கோ நகரத்தில் வில்ஸ் தனிக் குழு தொடங்கியபோதே பாஞ்சோவோடு கூட இருந்தவர் ஜானி லீ. 1934-இல் குழு டல்சாவுக்குப் போனபோதும் கூடவே போனவர். குழு பிறந்த நாளிலிருந்து இருந்தவர் பிளேபாய் இல்லை, 1949-இல் சேர்ந்த ஜானி கிம்பிள் மட்டும் பிளேபாயா? பின்னால் தனிக் கடை வைத்தவர்களையெல்லாம் கழிப்பதென்றால் உங்கள் ஐந்தும் நிற்காது.

ஒன்றுகூடல் என்கிறீர்களே, ஒன்றுகூடல் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். 1973 டிசம்பரில் டல்லாஸில் "ஃபார் தி லாஸ்ட் டைம்" பதிவானது. அதில் வில்ஸ் சக்கர நாற்காலியில் வந்து அமர்ந்து தன் ஆட்களைத் தானே நடத்தினார். முதல் நாள் முடிந்த இரவில் மறுபடி பக்கவாதம் தாக்கியது. அதன்பின் நினைவு திரும்பாமலே 1975 மே மாதம் மறைந்தார். சிகாகோவிலிருந்து இரவெல்லாம் வண்டியோட்டி வந்து சேர்ந்த ஹேகார்டுக்கு மிஞ்சியது தலைவர் இல்லாத இரண்டாம் நாள்தான். அதை ஒன்றுகூடல் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். 1970 ஆல்பத்தில் வில்ஸ் வாசிக்கவில்லை. அவருடைய இடத்தில் இன்னொருவர் பிடிலோடு நின்றார். அதற்குப் பெயர்தான் அஞ்சலி.

மெம்பிஸ் நண்பருக்கு: லெனன் அந்த ஆல்பத்தை அன்பினால் மட்டுமா செய்தார்?

தேன்மொழி எல்பி:

எல்லோரும் பாப் வில்ஸ், பாப் வில்ஸ் என்றே எழுதுகிறீர்கள். லைட் க்ரஸ்ட் டோபாய்ஸ் குழுவிலிருந்து வில்ஸுக்கு முன்னரே, 1932-இல், வெளியேறி ஃபோர்ட் வொர்த்தில் இந்த இசையை நடன அரங்குக்குக் கொண்டுவந்தவர் மில்டன் பிரவுன். 1935 ஜனவரியில் அவருடைய குழுவில் பாப் டன் மின்சார ஸ்டீல் கிட்டாரை இசைத்தட்டில் ஏற்றியபோது வில்ஸின் பிளேபாய்ஸ் இன்னும் பெரிய பதிவுகளைத் தொடங்கவில்லை. 1936-இல் கார் விபத்தில் பிரவுன் இறந்ததால் அவர் கதை அங்கேயே நின்றுபோனது. அஸ்லீப் அட் தி வீல் குழு 1993, 1999, 2015 என்று மூன்று முறை வில்ஸுக்கு அஞ்சலி ஆல்பம் செய்திருக்கிறது. பிரவுனுக்கு ஒன்று என்று இந்த இழையில் ஒருவரும் பெயர் சொல்லவில்லை. உயிரோடு நீண்ட நாள் இருந்தவருக்கே மாலை விழுகிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

பழந்தட்டு:

தேன்மொழி அம்மா சொல்வது நியாயமான வருத்தம். ஆனால் இந்த இழையின் கேள்வி அதுவன்று. 1940-க்குப் பிறகு ஜானி லீ பிளேபாய் அல்லர். டல்சாவின் கெய்ன்ஸ் பால்ரூமில் ஆண்டுக்கணக்கில் தன் சொந்தப் பெயரில் குழு நடத்தியவரை அண்ணனின் ஆள் என்று சொல்வது அவருக்கே இழுக்கு. ஐந்து பேர்.

மெம்பிஸ் அவர்கள் லெனனைப் பற்றி உருகி எழுதுவதற்கு முன் அந்த ஆல்பம் பிறந்த கதையைச் சொல்லியிருக்க வேண்டும். 1969-இல் "கம் டுகெதர்" பாடலில் சக் பெர்ரியின் "யூ கான்ட் கேட்ச் மீ"யிலிருந்து ஒரு வரியை லெனன் எடுத்தாண்டார். அதன் பதிப்புரிமை மோரிஸ் லெவி என்ற இசைப் பதிப்பாளரிடம் இருந்தது. வழக்கு வந்தது, லெவியின் உரிமையில் உள்ள பாடல்கள் சிலவற்றை லெனன் பாடித் தர வேண்டும் என்பது உடன்பாடாயிற்று. நீதிமன்ற வாசலில் எழுதிக் கொடுத்த கடனை அடைப்பது அஞ்சலி ஆகாது.

மெம்பிஸ் 706:

ஒப்பந்தம் சில பாடல்களுக்குத்தான், பழந்தட்டு அவர்களே. ஓர் ஆல்பம் முழுக்கப் பாட வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 1973-இல் லாஸ் ஏஞ்சலஸில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரோடு தொடங்கிய பதிவு குலைந்துபோய், நாடாக்களை ஸ்பெக்டர் எடுத்துச் சென்ற பிறகும், விட்டுவிடாமல் 1974-இல் நியூயார்க்கில் லெனன் அதை முடித்தார். கடன் அடைப்பவன் இத்தனை பாடுபட மாட்டான். 2007-இல் ஃபேட்ஸ் டாமினோவுக்கு வந்த "கோயிங் ஹோம்" அஞ்சலித் தொகுப்பைத் திறந்தாலும் முதலில் கேட்பது லெனனின் அதே "ஐன்ட் தட் எ ஷேம்"தான். கத்ரீனா புயலில் வீட்டை இழந்த டாமினோவின் பெயரால் நியூ ஆர்லியன்ஸ் இசைக்கலைஞர்களுக்கு உதவ வந்த தொகுப்பு அது.

மின்சார ஸ்டீல் கிட்டாரை முதலில் பதிவு செய்தவர் வில்ஸின் குழுவைச் சேர்ந்த லியான் மெக்காலிஃப் என்று சென்ற ஆண்டு இரண்டு பக்கம் வாதாடியவரிடம் எது அஞ்சலி என்று பாடம் கேட்க வேண்டிய நிலையில் நான் இல்லை. தேன்மொழி அம்மா மேலே எழுதியிருப்பதை அவர் ஒருமுறை படிக்கட்டும்.

பழந்தட்டு:

மெக்காலிஃபின் "ஸ்டீல் கிட்டார் ராக்" 1936-இல் பதிவானது, டன் அதற்கு முந்தியவர் என்பதை நான் அன்றே திருத்திவிட்டேன். ஒருவர் திருத்திக்கொண்டதை ஓராண்டு சுமந்து திரிவது உங்கள் வழக்கம், என் வழக்கமன்று.

நடுவண்:

பெரியோர்களே, ஒரு சிறு வேண்டுகோள். அஞ்சலி ஆல்பம் என்றால் என்ன என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் என்ன? ஒரே கலைஞர் இன்னொருவரின் பாடல்களைப் பாடுவது ஒன்று, பலர் சேர்ந்து பாடும் தொகுப்பு இன்னொன்று, ஒரு காலத்தையே மொத்தமாகப் போற்றுவது மூன்றாவது. ஹேகார்டும் லெனனும் வேறு வேறு வகையில் வருகிறார்கள்.

பிடில் பித்தன்:

வரையறை பிறகு இருக்கட்டும், நடுவண் தம்பி. எண்ணிக்கை தவறு என்று ஒருவர் என்னைப் பொதுவில் சொல்லியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

ஜானி லீ தனிக் குழு தொடங்கியது அண்ணனோடு சண்டையிட்டு அன்று. டல்சாவில் அந்தக் குடும்பத்தின் இசை நிற்காமல் ஓடியதற்கு அவரே காரணம். வில்ஸ் கலிஃபோர்னியாவுக்குப் போன பிறகும் அதே அரங்கு, அதே வானொலி, அதே பாடல்கள், அதே குடும்பப் பெயர். அவரைக் கழிக்கிறவர், பழந்தட்டு உயர்த்திப் பிடிக்கும் அளவுகோலால் மற்ற அஞ்சலிகளையும் கழிக்க வேண்டும். 1993-இல் அஸ்லீப் அட் தி வீல் செய்த ஆல்பத்தில் கிராமி வாங்கிய "ரெட் விங்" பதிவில் வாசித்தவர்களுள் எல்டன் ஷாம்ப்ளினும் ஜானி கிம்பிளும் உண்டு. அதுவும் ஒன்றுகூடலா? 1996-இல் பட்டி ஹாலிக்கு வந்த "நாட் ஃபேட் அவே" தொகுப்பில் மார்க் நாப்ஃப்ளரோடு சேர்ந்து வேலன் ஜென்னிங்ஸ் பாடுகிறார். 1959-இல் ஹாலியின் கடைசிப் பயணத்தில் அவருக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் அதே ஜென்னிங்ஸ். அந்தத் தொகுப்பையும் அடுக்கிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுவாரா பழந்தட்டு ஐயா?

மெம்பிஸ் நண்பர் வெஸ்டர்ன் ஸ்விங்கை ஏதோ வேற்று வீட்டுச் சங்கதி போல ஒதுக்குகிறார். சக் பெர்ரி 1955-இல் செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கொண்டுபோன பாடல் எதிலிருந்து வந்தது? வில்ஸ் 1938-இல் பதிவு செய்த "ஐடா ரெட்" என்ற பழைய பிடில் பாட்டிலிருந்து. பெயரை மாற்றி "மேபலின்" ஆக்கினார்கள். பில் ஹேலி "ராக் அரவுண்ட் தி கிளாக்" பதிவு செய்வதற்கு ஆறாண்டுகளுக்கு முன் அவருடைய குழுவின் பெயரே ஃபோர் ஏசஸ் ஆஃப் வெஸ்டர்ன் ஸ்விங். காமெட்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் குழுவில் ஸ்டீல் கிட்டார் இருந்தது. ராக் அண்ட் ரோல் புகழரங்கம் 1999-இல் வில்ஸை முன்னோடி என்று சேர்த்துக்கொண்டது சும்மாவா? லெனன் வணங்கிய பெர்ரி, வில்ஸின் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். ஆகவே லெனனின் ஆல்பத்தைப் போற்றுகிறவர் ஹேகார்டின் ஆல்பத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும்.

ஆறு பேர்.

மெம்பிஸ் 706:

பெர்ரி பாடல் எழுதியது கார்களையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி, பிடில் நடனத்தைப் பற்றி அன்று. ஒரு மெட்டின் வேர் டெக்சஸில் இருப்பதால் மரமே டெக்சஸுக்குச் சொந்தமாகிவிடாது. அவர் கையில் இருந்த ப்ளூஸை நீங்கள் மறைக்கிறீர்கள். இதே வேலையை நீங்கள் ஃபேட்ஸ் டாமினோ இழையிலும் செய்தீர்கள்.

பிடில் பித்தன்:

நான் எதையும் மறைக்கவில்லை. வில்ஸ் தாமே பருத்திக்காடுகளில் கறுப்பினத் தொழிலாளர்களிடம் ப்ளூஸைக் கேட்டு வளர்ந்தவர், ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டைக் கேட்கக் குதிரையேறிப் போனவர். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்று என்றுதான் சொல்கிறேன்.

தேன்மொழி எல்பி:

கிணற்றைப் பற்றிப் பேசும்போதும் மில்டன் பிரவுனின் பெயர் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

பழந்தட்டு:

ஜென்னிங்ஸ் அந்தத் தொகுப்பில் பாடியது ஒரு பாடல். ஹேகார்டின் ஆல்பத்தில் பழைய ஆட்கள் தொடக்கம் முதல் முடிவு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கரண்டி நெய்யும் ஒரு குடம் நெய்யும் ஒன்றாகாது. ஹேகார்ட் ஓராண்டு முன்னர், 1969-இல், பழைய கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸுக்குச் செய்த இரட்டை ஆல்பத்தை நான் அஞ்சலி என்று ஒப்புக்கொள்கிறேன். ராட்ஜர்ஸ் இறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு தன் குழுவை வைத்துக்கொண்டு ஹேகார்ட் பாடியது அது. ஹேகார்டின் மீது எனக்குக் காழ்ப்பு இல்லை என்பதற்கு அதுவே சான்று. 1970 ஆல்பம் அஞ்சலி அன்று. அதில் வாசித்த பழைய பிளேபாய்கள் ஐந்து பேர், ஆறாமவர் விருந்தாளி.

பிடில் பித்தன்:

1933-இல் வேக்கோவில் குழு தொடங்கியபோது உடன் நின்றவர் விருந்தாளியா? தம்பி அண்ணன் வீட்டுக்கு விருந்தாளியாக வருவானா? நாளை இரவு அந்த ஆல்பத்தின் இரண்டு பக்கங்களையும் மறுபடி போட்டுக் கேட்டு, எந்தப் பாடலில் யார் கை கேட்கிறது என்று ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். பாஞ்சோ ஒலிக்கும் இடங்களை முதலில் எழுதுகிறேன்.

பழந்தட்டு:

எழுதுங்கள். என்னிடமும் அந்தத் தட்டு இருக்கிறது, அதுவும் கேபிடல் நிறுவனம் முதலில் அடித்த அச்சு. நானும் போட்டுக் கேட்கிறேன்.