புதுப்பிப்பு: டெர்மினலில் மெயில், கடைசியில் நியோமட்

டெர்மினலிலேயே (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரை) மெயில் பார்க்க மட், ஆல்பைன் என்ற இரண்டு மெயில் நிரல்களில் எது நல்லது என்று போன வாரம் கேட்டிருந்தேன் இல்லையா, ஒருவழியாக மட்டிலிருந்து பிரிந்து வந்த நியோமட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆல்பைன் மோசமில்லை, எந்தக் கீக்கு என்ன வேலை என்று திரையின் அடியிலேயே காட்டிவிடுவதால் புதிதாக வருபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். எனக்கோ கீபோர்டிலேயே எல்லாம் செய்யும் விம் எடிட்டர் பழகிய கை, அதோடு உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போனால் சிக்னல் ஒரு கோடுதான், அதனால் எம்பிசிங்க் என்ற மெயில் இறக்கும் நிரலை வைத்து மொத்த மெயிலையும் முன்கூட்டியே லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு, பதில்களை அங்கேயே எழுதி வைத்து, மதுரை வந்ததும் அனுப்புகிறேன்.

ஜிமெயில்காரர்கள் கவனிக்க: வழக்கமான பாஸ்வேர்ட் ஏறாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு இந்த நிரலுக்கென்று தனியாக 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுங்கள். வெப் பக்கம் போல வடிவமைத்து வரும் எச்டிஎம்எல் மெயிலுக்கு, எதை எந்த நிரல் திறக்கும் என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் டபிள்யூ3எம் (டெர்மினல் பிரௌசர்) என்று ஒரு வரி, நியோமட்டின் அமைப்புக் கோப்பான நியோமட்ஆர்சியில் அதைத் தானாகக் காட்டச் சொல்லும் ஆட்டோவியூ ஒரு வரி, அவ்வளவுதான்.

அப்புறம் தமிழ். சப்ஜெக்ட் வரியில் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. அது நியோமட்டின் தப்பில்லை, டெர்மினல் செய்கிற கூத்து. கான்சோல் (Konsole) என்ற வேறு டெர்மினல் நிரலுக்கு மாறியதும் படிக்க முடிகிறது, பட்டியல் மட்டும் இன்னும் கொஞ்சம் கோணல். எம்எல்டெர்ம் என்ற இன்னொரு டெர்மினல் நிரலில் யாராவது தமிழ் பார்த்திருக்கிறீர்களா?