அலுவலகக் கணினிகளுக்கு அப்டேட் எப்போது போடுவது?

கேள்வி (வெள்ளவத்தை):
எங்கள் கணக்காய்வு அலுவலகத்தில் 40 விண்டோஸ் கணினிகள், அவற்றை நிர்வகிக்க ஒரு டொமைன் சேர்வர். மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை இன்டர்நெட் ஊர்ந்துதான் போகிறது. போன மாதம் எக்செல்லில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் அக்காவின் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. அப்டேட்டையே நிறுத்தச் சொல்கிறார் முதலாளி. எனக்கு மனம் வரவில்லை. என்ன வழி?

பதில் (புறக்கோட்டை):
விண்டோஸின் ஆக்டிவ் அவர்ஸை (கணினியைப் பயன்படுத்தும் நேரம்) காலை 7 முதல் இரவு 8 வரை வையுங்கள். வேலை நேரத்தில் சாதாரணமாகத் தானாக ரீஸ்டார்ட் ஆகாது.

பதில் (கொள்ளுப்பிட்டி):
தம்பி, நிறுத்த மட்டும் வேண்டாம். 2017 மே 12இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை வைரஸ் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. பிரித்தானிய மருத்துவமனைகள்கூட முடங்கின. முதலாளியிடம் இதைச் சொல்லுங்கள்.

புதன் காலைக்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோசொப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் அப்டேட்டை வெளியிடும்போது இலங்கையில் நமக்கு இரவு 10.30 அல்லது 11.30. இரவில் எல்லாக் கணினிகளும் ஓஃப். காலையில் ஒன்றாக ஓன் செய்ய, ஒன்றாகவே இறக்குகின்றன. குரூப் பொலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் சேர்வரிலிருந்தே அமைப்புகளை வைக்கும் இடம்) டெலிவரி ஒப்டிமைசேஷனை உள்ளூர் நெட்வேர்க்குக்கு வைத்தால், ஒரு கணினி இறக்கியதைப் பக்கத்துக் கணினிகளும் எடுத்துக்கொள்ளும். 40 கணினிக்காகப் புதிதாக டபிள்யூசஸ் (WSUS, அப்டேட்டுகளை அலுவலகத்துக்குள்ளேயே வைத்துப் பகிரும் மைக்ரோசொப்ட் மென்பொருள்) போட வேண்டியதில்லை. அதில் புதிய வசதிகள் இனி வராது என்று 2024இலேயே அறிவித்துவிட்டார்கள்.

அப்புறம், நான்கைந்து கணினிகளைச் சோதனைக் குழுவாக்கி அவற்றுக்கு உடனே விடுங்கள். மற்றவற்றுக்கு 7 நாள் தள்ளுங்கள். இரண்டாம் செவ்வாய் 8 முதல் 14க்குள்தான் விழும். வெளியீடு நமக்கு இரவில் என்பதால், எல்லோருக்கும் 22ஆம் திகதி காலைக்குள் வரத் தொடங்கிவிடும், மாத இறுதிச் சம்பள வேலையோடு மோதாது. டெட்லைன் (அதற்குள் போட்டே ஆக வேண்டிய கடைசி நாள்) ஒன்றும் கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் 'பிறகு' என்று தள்ளிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு வாரம் வீண் என்று யாராவது சொன்னால் 2024 ஜூலை 19ஐ நினைவுபடுத்துங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்றில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அது மைக்ரோசொப்டின் அப்டேட் இல்லைதான். ஆனாலும் எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்னவாகும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சேர்வருக்கும் இதே முறையா? சோதனைக் குழுவில் யாரைப் போடுவது?

பதில் (கொள்ளுப்பிட்டி):
சேர்வரைத் தானாக விடாதீர்கள். சோதனை வாரம் முடிந்த பிறகு வரும் போயா (பௌர்ணமி) விடுமுறையிலோ ஞாயிறிலோ, எது முந்தி வருகிறதோ அன்றைக்கு, பேக்கப் எடுத்துவிட்டுக் கையால் போடுங்கள். பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலையாவது திரும்ப எடுத்துப் பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

குழுவுக்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒருவர். கணக்கு மென்பொருளில் நாள் முழுக்க இருப்பவர், பெரிய பிரின்டரில் அச்செடுப்பவர், வங்கி இணையத்தளத்தில் பணம் அனுப்புபவர், இவர்கள் மூவரும் கட்டாயம். உங்கள் கணினி மட்டும் போதாது, அதில் இந்த வேலை எதுவும் நடப்பதில்லை.