ரோலர் இரைச்சலும் காதும்

கேள்வி (ஹட்டன்):
தேயிலைத் தொழிற்சாலையில் 11 ஆண்டுகளாக ரோலர்களுக்கு (கொழுந்தை உருட்டும் இயந்திரங்களுக்கு) அருகே நிற்கும் என் அண்ணனுக்கு, லயத்துக்கு (தோட்டக் குடியிருப்புக்கு) திரும்பிய பின்னும் காதில் ரீங்காரம் கேட்கிறது. பஞ்சு அடைத்தால் போதுமா?

பதில் (பதுளை):
போதாது, பஞ்சு மிகக் குறைவாகவே தடுக்கும். 85 டெசிபெலில் 8 மணி நேரம் என்பதே பொதுவான எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். உட்செவியில் ஒலியை உணரும் மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை.

பதில் (பண்டாரவளை):
காதில் வைக்கும் நுரைச் செருகியை மெல்லியதாக உருட்டி, மறு கையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். ஆனால், ரோலரின் தேய்ந்த பெயரிங்கை (சுழல் தாங்கியை) மாற்றச் சொல்வதே முதல் வேலை என்பேன். எங்கள் ரோலர் அதன் பிறகுதான் அடங்கியது.

பதில் (பதுளை):
கேட்டல் பரிசோதனையை ஞாயிறு ஓய்வுக்குப் பின், திங்கள் காலை வேலைக்குச் செல்லுமுன் செய்யுங்கள்.