ஒரே ஈற்றில் பிறந்த இரு முயல்கள் ஐந்தாம் மாதத்தில் கடித்துக்கொள்கின்றன: சேர்த்து வளர்க்க வழி உண்டா?

பொன்மலைவாசி:

அனைவருக்கும் வணக்கம். கடந்த கார்த்திகையில் திருச்சியில் ஒரு கடையில், ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு முயல் குட்டிகளை வாங்கினோம். இரண்டும் பெண் என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னார். மூன்றடிக்கு இரண்டடிக் கம்பிக் கூண்டில், ஒன்றன் முதுகில் மற்றொன்று தலை வைத்து உறங்கும் அளவுக்கு ஒட்டுதலாக வளர்ந்தன. இப்போது ஐந்து மாதம் ஆகிறது. பத்து நாட்களாகச் சாம்பல் நிறத்தது வெள்ளையைத் துரத்துவதும் அதன்மேல் ஏறுவதுமாக இருந்தது. விளையாட்டு என்று விட்டுவிட்டேன். நேற்று விடியற்காலையில் பார்த்தால், கூண்டுக்கு அடியில் இலவங்காய் வெடித்ததுபோல வெள்ளை முடி பறந்து கிடக்கிறது. வெள்ளையின் இடது காதோரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டையே காணவில்லை. இப்போதைக்கு அதை ஓர் அட்டைப் பெட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். பெரிய கூண்டாக வாங்கிவிட்டால் சண்டை நின்றுவிடுமா? இரண்டையும் பிரிக்கவே கூடாது என்று என் மகள் அழுகிறாள்.

முயலன்பர்:

பிரித்து வைத்தது சரி, அப்படியே வைத்திருங்கள். கூண்டு சிறியது என்பது உண்மைதான். ஆனால் சண்டைக்குக் காரணம் கூண்டு அன்று, வயது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முயல் பருவமடைகிறது. அதுவரை ஒட்டி உறங்கிய உடன்பிறப்புகளும் அதன்பின் ஒன்றையொன்று எல்லைக்குள் நுழைந்த அயலாராகவே பார்க்கும். ஒரே ஈற்றுக் குட்டிகள் சண்டையிடாது என்று கடைகளில் சொல்வது முதல் நான்கு மாதத்துக்கு மட்டும் பொருந்தும் உண்மை.

முதல் வேலையாக இரண்டின் பாலையும் சோதியுங்கள். குட்டிப் பருவத்தில் இதைக் கண்டுபிடிப்பதில் கடைக்காரர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். ஐந்து மாதத்தில் ஆணாக இருந்தால், பின்னங்கால்களுக்கு இடையே இரு பக்கமும் முடியற்ற நீளமான விதைப்பைகள் தெரியும். அச்சத்தில் முயல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது என்பதால், மடியில் வைத்து அமைதியான பிறகு பாருங்கள். ஒன்று ஆணாகவும் மற்றது பெண்ணாகவும் இருந்தால் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள்தான்.

எந்தப் பாலாக இருந்தாலும், சேர்த்து வளர்க்க விரும்பினால் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டும். பெண்ணுக்குக் கருப்பையை நீக்குவதில் இன்னொரு நன்மையும் உண்டு: நீக்காத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வருவது மிகவும் சாதாரணம். ஆணுக்கு விதை நீக்கிய பிறகும் ஆறு வாரம் வரை கருத்தரிக்கச் செய்யும் திறன் எஞ்சியிருக்கும். பழைய மூர்க்கமும் அந்தக் காலத்தில்தான் மெல்ல அடங்கும். அதுவரை பொறுக்க வேண்டும்.

உதகைக்காரர்:

நான் சில ஆண்டுகள் முயல் பண்ணை நடத்தியவன். பண்ணையில் மூன்று மாதம் ஆனதும் ஆண்களைத் தனித்தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுவோம். அதற்கு விதிவிலக்கே கிடையாது. இரண்டு ஆண்கள் மோதினால் முதலில் குறிவைப்பது விதைப்பையைத்தான். இனச்சேர்க்கைக்குக்கூடப் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோவோம். ஆணைப் பெண்ணின் கூண்டுக்குள் விட்டால், தன் இடத்தைக் காக்கப் பெண் பாய்ந்து கடிக்கும்.

முயலன்பர் சொன்ன சிகிச்சையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர்கள் அனைவருக்கும் முயலில் பழக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதுவரை எத்தனை முயல்களுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். முந்தைய இரவே உணவை நிறுத்தச் சொன்னால் வேறு இடம் பாருங்கள். முயலால் வாந்தி எடுக்க இயலாது, அதன் குடலோ நின்றுபோகக் கூடாதது. உங்களுக்கு அருகில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். தேர்ந்த மருத்துவர் கிடைக்காவிட்டால் இரண்டு கூண்டுகளில் தனித்தனியாக வளர்ப்பதில் எந்தப் பாவமும் இல்லை.

பொன்மலைவாசி:

இருவருக்கும் நன்றி. மருத்துவரிடம் காட்டினேன், இரண்டுமே ஆண்! காதுக் காயம் ஆறுகிறது, ஆனால் வெள்ளையின் முதுகில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. வீட்டில் அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப் இருக்கிறது, கொடுக்கலாமா? சிகிச்சைக்கு வரும் வியாழனன்று நாள் கேட்டிருக்கிறேன். அதன்பின் இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

முயலன்பர்:

அந்தச் சிரப்பைத் தொடவே வேண்டாம். அமாக்சிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். கட்டி, பல் பட்ட இடத்தில் சீழ் கோத்ததாக இருக்கலாம். முயலின் சீழ் நீராக இராது, பாலாடைக்கட்டிபோல் கெட்டியாக இருக்கும், அழுத்தினால் வடியாது. வியாழன்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

உதகைக்காரரின் தயக்கம் நியாயமானதே. ஆனால் முயல் கூட்டமாக வாழும் பிராணி. பண்ணைக் கணக்கை வீட்டுக்கு அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை என்பது என் கருத்து. சிகிச்சை முடிந்து ஆறு வாரம் வரை இரு கூண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள், நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் கம்பி வழியாக மூக்கையும் விரலையும் கடித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை விரிப்புகளை மாற்றிப் போட்டால் ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகும்.

பிறகு இரண்டுமே இதுவரை காலடி வைக்காத ஓர் இடத்தில் சந்திக்க விடுங்கள். நான் குளியலறையைப் பயன்படுத்தினேன். ஈரம் போகத் துடைத்து, வழுக்காமலிருக்கச் சணல் சாக்கு விரித்து, நடுவில் கொத்தமல்லித் தழையைப் போட்டேன். முதல் நாள் பத்து நிமிடம் போதும், பிறகு மெல்லக் கூட்டலாம். துரத்துவதும், மேலே ஏறுவதும், ஓரிரு முடி பறப்பதும் யார் பெரியவன் என்று முடிவாகும் வரை இருக்கும். அவற்றைத் தடுக்க வேண்டாம். தலைப்பக்கமாக ஏறினால் மட்டும் உடனே இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காதைப் பின்னால் ஒட்டவைத்து, வாலை நிமிர்த்தி, இரண்டும் பம்பரம்போல் சுற்றத் தொடங்கினால் சண்டை வந்துவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் வெறுங்கையை நீட்டாதீர்கள். எனக்கு வலது கட்டைவிரலில் இரண்டு தையல் விழுந்தது. கனமான துண்டை மேலே போட்டுப் பிரித்துவிடுங்கள். ஒன்று தலையைத் தாழ்த்தி நிற்க, மற்றது அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

இரவிலும் சேர்த்து விடுவதற்கு முன், கூண்டைச் சோப்பு நீரில் கழுவி, உள்ளிருக்கும் பொருட்களை இடம் மாற்றி வையுங்கள். அப்போதுதான் பெரிய கூண்டு பயன்படும். தண்ணீரும் புல்லும் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். பதுங்கும் பெட்டிக்கு இரண்டு வாசல் வெட்டுங்கள், ஒரே வாசல் இருந்தால் தோற்றது உள்ளே மாட்டிக்கொள்ளும்.

உதகைக்காரர்:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நீங்கள் ஆறு வாரம் காத்திருந்து முடிக்கும்போது கத்திரி வெயில் வந்துவிடும். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் திணறும், எரிச்சலும் கூடும். ஆகையால் சந்திப்பை அதிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள், கூண்டை மொட்டை மாடியிலிருந்தால் கீழே இறக்குங்கள்.

பொன்மலைவாசி:

கூண்டு மாடியில்தான் இருக்கிறது, இன்று மாலையே இறக்கிவிடுகிறேன். வியாழனன்று இரண்டையும் ஒரே கூடையில் கொண்டுபோகலாமா?

முயலன்பர்:

கூடாது. போகும்போதும் வரும்போதும் தனித்தனிக் கூடைதான். சிகிச்சைக்குப் பிறகு இரண்டும் சாப்பிடுகின்றனவா, புழுக்கை போடுகின்றனவா என்று பாருங்கள். 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தால், இரவு என்றும் பாராமல் மருத்துவரை அழையுங்கள்.