தோட்டத்துக் குளம் முழுக்கச் சல்வீனியா, இதற்கு மானியம் எங்கே கேட்பது?

பொகவந்தலாவைப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் முந்தி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, தண்ணீர் எடுக்கக் கட்டின குளம் ஒன்று இருக்கிறது. ஸ்டோர் மூடிக் கன காலம், ஆனால் பீலியில் (மலை ஊற்றுக் குழாயில்) தண்ணீர் குறைகிற நாட்களில் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு லயன் வீட்டுச் சனம் குளிக்கவும் துவைக்கவும் அந்தக் குளத்துக்குத்தான் வரும், அதைச் சுற்றி மரக்கறி போடுகிறவர்களும் அங்கேதான் அள்ளுவார்கள். இப்போது குளம் இருக்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மேலே சல்வீனியா என்கிற மிதக்கும் செடி பச்சையாக மூடிக்கிடக்கிறது. சின்னப் பிள்ளைகள் புல்தரை என்று நினைத்துக் காலை வைத்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். போட்டோ கீழே போட்டிருக்கிறேன்.

எங்கள் இளைஞர் கழகம் சிரமதானம் வைத்து ஒரு பக்கத்தைச் சுத்தமாக்கியது. அடுத்த மழைக்குள் பழையபடி. கம்பனியிடம் சொன்னால் பட்ஜெட் இல்லை என்கிறார்கள், பிரதேச சபையிடம் சொன்னால் அது தோட்டத்துக் காணி என்கிறார்கள். ஆக்கிரமிப்புத் தாவரங்களை ஒழிக்க வெளிநாட்டு மானியம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? எங்களைப் போன்ற சின்னக் கழகத்துக்குத் தருவார்களா? விண்ணப்பத்தில் என்னதான் எழுத வேண்டும்? இன்னொன்று, மருந்து அடித்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று இங்கே சிலர் நிற்கிறார்கள், அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

கொட்டகலை அக்கா:

தம்பி, மானியம் இருப்பது உண்மை. உங்கள் அளவுக்குப் பொருந்துவது உலகச் சுற்றாடல் வசதியத்தின் சிறு மானியத் திட்டம். ஐ.நா. அபிவிருத்தித் திட்டமான யுஎன்டிபி ஊடாக நடக்கிறது, இலங்கையில் 1994இலிருந்தே இருக்கிறது. நேரடியாகச் சமூக அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுப்பதுதான் அதன் நோக்கம், ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் என்பது நெடுங்காலம் வழமையான உச்சமாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டு 50,000க்கே எழுதிவிடாதீர்கள், ஒரு குளத்துக்கு அவ்வளவு கேட்டால் வாசிக்கிறவர்களுக்கே சந்தேகம் வரும். எந்த நேரமும் விண்ணப்பம் எடுக்க மாட்டார்கள், அறிவித்தல் வரும்போது கொடுக்க வேண்டும். தெரிவு செய்வது ஒரு தேசிய வழிநடத்தல் குழு, அதில் பெரும்பான்மை அரசு சாராதவர்கள். அதனால் மந்திரியைப் பிடித்தால் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் மலையகத்துச் சங்கங்கள் இதில் வழுக்கி விழுகிற இடம் வேறு. பணம் கேட்கிற முதல் நாளே அவர்கள் கேட்பது: காணி யாருடையது, அந்த ஆள் சம்மதம் எழுதித் தந்திருக்கிறாரா? கிராமத்தில் என்றால் குளம் கமநல சேவை நிலையத்துக்குக் கீழே வரும், விவசாயிகள் சங்கம் இருக்கும், கடிதம் எடுப்பது ஒரு வேலையே இல்லை. நமக்கு அப்படி இல்லையே. காணி அரசுடையது, 1992இலிருந்து குத்தகை கம்பனியிடம், குளத்தைப் பாவிக்கிறது நாம், எழுத்தில் நமக்கு ஒரு உரிமையும் கிடையாது. தோட்டத்து மனேஜர் துரை வாயால் "சரி, செய்யுங்க" என்பார். அது போதாது. கம்பனித் தலைமை அலுவலகத்தின் கடிதத் தலைப்பில், இத்தனை வருடத்துக்குக் குளத்துக்குள் இறங்கிப் பராமரிக்க இந்தச் சங்கத்துக்கு அனுமதி என்று எழுதி வாங்குங்கள். துரை மாறினால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். எங்கள் பக்கத்து ஒரு சங்கம் எல்லாம் எழுதி முடித்து இந்த ஒரு கடிதத்துக்காக அலைந்து அலைந்து கடைசியில் திகதியைத் தவறவிட்டது.

அடுத்தது பதிவு. இளைஞர் கழகத்துக்குப் பிரதேச செயலகப் பதிவு இருக்கிறதா, கழகத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, கூட்டறிக்கைப் புத்தகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். 1980இன் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிந்த தொண்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து போனால் கணக்கு வழக்குப் பாரம் குறையும், ஆனால் பணமும் அவர்கள் கைக்குப் போகும், யோசித்துச் செய்யுங்கள். தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் பெயரில் கேட்கலாமா என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள், எனக்கு ஏற்கெனவே அந்தக் கேள்வி வந்திருக்கிறது!

பேராதனை வாசி:

போட்டோவைப் பார்த்தேன். நம்ம பக்கம் எல்லாரும் ஜப்பன் ஜபர என்கிற ஆகாயத்தாமரை இது இல்லை. அதற்குக் காம்பு பஞ்சு மாதிரி ஊதியிருக்கும், ஊதா நிறப் பூ வரும். இது நீங்கள் சொன்ன மாதிரி சல்வீனியாவாகத்தான் தெரிகிறது, ஆனால் போட்டோவை வைத்து விண்ணப்பத்தில் பெயர் எழுதக் கூடாது. ஒரு இலையை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்து, கைவில்லையால் மேற்பக்கத்து மயிர்களைப் பாருங்கள். ஒவ்வொரு மயிரும் நாலாகப் பிரிந்து மேலே போய் நுனியில் மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருந்தால், முட்டை அடிக்கிற கம்பி மாதிரி, அது சல்வீனியா மொலெஸ்டா வகையறா. அந்த மயிர்க் கூட்டுக்குள் காற்று நிற்பதால்தான் தண்ணீர் இலையில் ஒட்டாமல் முத்து முத்தாக உருள்கிறது. பிறகு ஈரமான பேப்பரில் சுற்றி ஒரு மாதிரியைப் பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய ஹெர்பேரியத்துக்கோ (உலர்த்திய தாவர மாதிரிகளை வைத்திருக்கும் இடம்), கன்னொறுவையிலுள்ள தாவரப் பாதுகாப்புச் சேவைக்கோ கொடுத்து உறுதிப்படுத்தி, அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். இந்தச் செடியை நெடுங்காலம் சல்வீனியா ஓரிகுலாட்டா என்றே நினைத்திருந்தார்கள், அந்த நினைப்பில் தேடிப் பிடித்து ஆபிரிக்காவில் விட்ட வண்டு சரிவரவில்லை. 1972இல்தான் இது வேறு இனம் என்று பிரித்தார்கள், பிறகு தென்கிழக்குப் பிரேசிலில் இதன் சொந்த இடத்தையும் கண்டுபிடித்து, அங்கேயிருந்து இரண்டு மில்லிமீற்றர் அளவான கூன்வண்டு ஒன்றைக் கொண்டுவந்து 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் ஏரி வெளித்துவிட்டது. இலங்கைக்கு 1939இல் கொழும்பில் மாணவருக்குப் பாடம் காட்டக் கொண்டுவந்த செடி தப்பித்து வயல், வாய்க்கால் எல்லாம் பரவியிருந்தது. அதே வண்டு இங்கே 1986இல் வந்தது. பணம் கொடுத்தது அவுஸ்திரேலிய அரசின் சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையம். மானியம் ஒன்று ஒழுங்காக வேலை செய்த கதை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தாழ்நிலத்தில் பல இடங்களில் சல்வீனியா அடங்கியது.

இனிக் கெட்ட செய்தி. அந்த வண்டு 20 பாகைக்குக் கீழே சரியாக முட்டையிடாது. பொகவந்தலாவையில் இரவுக் குளிரையும் மழை மாதங்களையும் கணக்கில் எடுத்தால் வண்டு உயிரோடு இருக்கலாம், பெருகுமா என்பது சந்தேகம். ஆகவே "வண்டு விடுவோம்" என்பதை மட்டும் நம்பி விண்ணப்பம் எழுதினால் விஷயம் தெரிந்த ஒருவர் ஒரே கேள்வியில் அடித்துவிடுவார். நல்ல செய்தி, சல்வீனியாவுக்கு விதை கிடையாது. ஆகாயத்தாமரை என்றால் விதை சேற்றுக்குள் 15, 20 வருடம் கிடந்து முளைக்கும். சல்வீனியா உடைந்த துண்டிலிருந்துதான் வரும், அதனால் சின்னக் குளத்தில் கையால் ஒழிப்பது நடக்கிற காரியம். துண்டு விடாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் சிரமதானத்தில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்துக்குக் குறுக்கே தடுப்புக் கட்டாமல் விட்டிருப்பீர்கள், காற்று அடித்ததும் மிச்சம் மிதந்து வந்திருக்கும்.

மருந்து வேண்டவே வேண்டாம். கிளைபோசேற்று என்கிற களைகொல்லிக்கு 2015இல் தடை வந்தது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள், 2022இல் தடையையே எடுத்தார்கள். இதில் எதுவும் சனம் குளிக்கிற குளத்துக்குக் கொடுத்த அனுமதி அல்ல. அப்படியே அடித்தாலும் செத்த செடி அடியில் இறங்கி அழுகும், தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து மீன் மிதக்கும், அழுகினதிலிருந்து வருகிற சத்தை எடுத்துக்கொண்டு தப்பின துண்டுகள் இன்னும் வேகமாக வளரும்.

தலவாக்கலை தாத்தா:

எல்லாம் சரி, யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். குளத்துக்குள் என்ன வந்து விழுகிறது? மேலே மலையில் யூரியா போடுகிறார்கள், மழைக்குக் கழுவிக்கொண்டு கீழே வருகிறது. மரக்கறிக்காரர்கள் கோழி எருவைக் கரையிலேயே குவித்து வைக்கிறார்கள். லயன் மலசலகூடக் குழி நிரம்பி வழிகிறது என்று எத்தனை தடவை கூட்டத்தில் பேசியாகிவிட்டது. இவ்வளவும் உள்ளே வந்துகொண்டிருக்கும் வரைக்கும் ஒன்றை எடுத்தால் இன்னொன்று முளைக்கும். செடியே இல்லாவிட்டாலும் பாசி வரும், 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் பச்சையாய்ப் படர்ந்ததை அந்தப் பக்கத்துச் சனத்திடம் கேட்டுப் பாருங்கள். கிரகரி வாவிக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் நுவரெலியா டவுன் அழுக்கு வருகிறவரை அது அப்படித்தான்.

அதோடு, குத்தகைக் காசு கட்டிக் காணியை வைத்திருப்பது கம்பனி. ஆகாயத்தாமரைக்கென்றே 1909இல் வெள்ளைக்காரன் தனிச் சட்டம் போட்டான், இப்போது 1999இன் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குளத்தைத் துப்புரவாக்க வேண்டியது அவர்கள், பொடியன்மார் வெளிநாட்டில் கையேந்தி அவர்கள் வேலையை ஏன் செய்ய வேண்டும்?

கொட்டகலை அக்கா:

ஐயா, நீங்கள் சொல்வது நியாயம், ஆனால் கம்பனியோடு வழக்குப் பேசி முடிக்கிறதுக்குள் அந்தக் குளத்தில் ஒரு பிள்ளை விழுந்துவிடும். இரண்டையும் செய்யலாம். சொல்லப்போனால் நீங்கள் சொன்னதைத்தான் விண்ணப்பத்தின் முதுகெலும்பாக வைக்க வேண்டும். "செடி அள்ளுவோம்" என்று மட்டும் எழுதினால் அது துப்புரவு வேலை, அதற்கு யாரும் சுற்றாடல் மானியம் தர மாட்டார்கள். தண்ணீர் உள்ளே வருகிற வாய்க்காலில் வண்டல் தங்குகிற குழி, கரையைச் சுற்றி எரு போடாத ஒரு புல் வரிசை, எருக் குவியலை மேலே நகர்த்த மரக்கறிக்காரர்களோடு எழுத்தில் ஒரு உடன்பாடு, இதெல்லாம் சேர்ந்தால் அது திட்டம். மலசலகூடக் குழியை இந்தப் பணத்தில் செய்ய விடமாட்டார்கள், அதைப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம் தனியாகக் கேளுங்கள்.

விஸ்கொன்சினிலிருந்து ஹட்டன்காரன்:

நான் இருக்கிற மாநிலத்தில் ஏரிகள் ஆயிரக்கணக்கில், இதற்கு மாநில அரசே மானியம் வைத்திருக்கிறது. "கிளீன் போட்ஸ், கிளீன் வோட்டர்ஸ்" என்று ஒன்று, படகு இறக்குகிற துறையில் ஆட்களை நிறுத்தி, படகிலும் டிரெய்லரிலும் செடித்துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வைப்பதற்கு மட்டும். செலவில் முக்கால் பங்கை அரசு தரும், மிச்சக் கால் பங்குக்கு ஊர்க்காரர் சும்மா வந்து நிற்கிற மணித்தியாலங்களையே பணமாகக் கணக்கில் சேர்க்கலாம். அந்த யோசனையை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு மானியத் திட்டமும் உள்ளூர்ப் பங்களிப்பை எதிர்பார்க்கும், பணமாகவும் இருக்கலாம், உழைப்பாகவும் இருக்கலாம். சிரமதானத்துக்கு யார் வந்தார், எத்தனை மணித்தியாலம் என்று கையெழுத்து வாங்கி வையுங்கள். நம் ஆட்கள் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள், ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வைக்க மாட்டார்கள்.

கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறவர்கள் உங்கள் குளத்துக்கும் வருவார்களா? வருவார்கள் என்றால் வலையைக் காயவைத்து உதறிவிட்டு வரச் சொல்வது, மீன்தொட்டியில் வளர்த்த செடியைக் கொண்டுவந்து கொட்டாதே என்று பள்ளிக்கூடத்தில் சொல்வது, இவையெல்லாம் காசில்லாத வேலைகள், விண்ணப்பத்திலோ பெறுமதி அதிகம்.

பொகவந்தலாவைப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. பேராதனை அண்ணன் சொன்ன மாதிரி தடுப்பு ஒன்றும் கட்டவில்லைதான். தாத்தா, குழி விஷயத்தைத் தலைவரிடம் மறுபடி சொல்லியிருக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். இலை மாதிரியை இந்தக் கிழமை அனுப்புகிறோம், கடிதத்துக்குத் துரையைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறோம். அக்கா, பட்ஜெட்டில் என்னென்ன போடுவது? அள்ளினதை எங்கே கொட்டுவது?

கொட்டகலை அக்கா:

பெரிதாக ஒன்றும் இல்லை தம்பி. மிதக்கும் தடுப்புக்கு நைலோன் கயிறும் வெற்றுப் பிளாஸ்டிக் கேன்களும், சின்னக் கண் வலை, கைப்பிடி நீளமான வாரி, இடுப்பளவு வரும் இறப்பர் காற்சட்டை, உயிர்காப்பு அங்கி. கடைசி இரண்டையும் யாரும் பட்ஜெட்டில் போட மாட்டார்கள், நீங்கள் கட்டாயம் போடுங்கள். ட்ரக்டர் வாடகையைக் குறைத்து எழுதாதீர்கள், அள்ளுகிற செடியில் 90 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான், அதனால் முதலில் கரையிலிருந்து தள்ளி, ஒழுகுகிற தண்ணீர் குளத்துக்குத் திரும்பாத ஒரு மேட்டில் பரப்பி வதங்கவிட்டு, பிறகு ஏற்றுங்கள், நடைகள் பாதியாகக் குறையும். காய்ந்ததைச் சாணத்தோடு சேர்த்துக் கூட்டெருவாக்கலாம், மரக்கறிக்காரர்களை உங்கள் பக்கம் இழுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

எல்லாவற்றையும்விட, எடுத்து முடித்த பிறகு ஒன்றரை வருடத்துக்கு மாதம் ஒரு முறை கரையைச் சுற்றிவந்து துண்டு பொறுக்க ஆள், பெயர், அட்டவணை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். பணம் தவணை தவணையாகத்தான் வரும், முந்தின தவணைக்குப் பற்றுச்சீட்டும் அறிக்கையும் கொடுக்காமல் அடுத்தது வராது. ட்ரக்டர்காரரிடம் இப்போதே பேசி வையுங்கள், பில் இல்லாமல் ஓடுகிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.